அனுமதிச் சீட்டு

சினிமாவைப் பற்றி எழுதும்போது 'சுயேச்சை' என்ற சொல்லை நாம் சற்றுத் தாராளமாகவே செலவழித்துவிடுகிறோம். சுயேச்சையான தயாரிப்பாளர் என்றதும் பணத்துக்கும் சந்தைக்கும் முதுகு காட்டி நிற்கும் ஒரு கலைஞனின் உருவம் மனதில் வந்து நின்றுவிடுகிறது. பிலிம் சொசைட்டி நாட்களிலிருந்தே பழகிப்போன உருவம் அது. ஆனால் இந்தச் சொல் சினிமாவுக்குள் வந்து சேர்ந்த கதை வேறு. 1909-ஐ ஒட்டி அமெரிக்காவில் 'இன்டிபென்டென்ட்' என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் கொட்டகைக்காரர்கள், படச் சுருள்களை வாடகைக்கு விடுகிறவர்கள். புரொஜெக்டர் ஓட்டுவதற்காக வாரம் இரண்டு டாலர் கட்டச் சொன்னபோது மாட்டேன் என்றவர்கள். அவர்களில் உரத்த குரல் கார்ல் லெம்லியுடையது. மூன்று வருஷங்களுக்கு முன்புவரை ஒரு ஜவுளிக் கடையில் மானேஜராக இருந்தவர்.

லெம்லியைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றிக்கொண்டே இருந்தது. அனுமதி என்ற விஷயம் அவர் வாழ்க்கையில் மூன்று தடவை, மூன்று காகிதங்களாகக் குறுக்கிடுகிறது. ஒரு காகிதத்தைக் கிழித்துப் போட்டு அவர் பெரிய மனிதரானார். இன்னொன்றைத் தன் படத்தின் அங்கங்களை விலையாகக் கொடுத்துப் பெற்றுக்கொண்டார். மூன்றாவதைப் பிறருக்காகக் கேட்டுக் கேட்டு அலைந்தார். சுயேச்சை என்பதன் அளவு என்ன, அதன் எல்லை எங்கே என்று பார்க்க இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது உதவும்.

அவர் பிறந்தது 1867 ஜனவரி 17-ல், தெற்கு ஜெர்மனியில், வுர்ட்டெம்பெர்க் அரசைச் சேர்ந்த லௌப்ஹைம் என்ற சிற்றூரில். அந்த அரசிலேயே பெரிய யூதக் குடியிருப்பு ஒரு காலத்தில் அந்த ஊரில்தான் இருந்தது. தகப்பனார் சிறு வியாபாரி. பதின்மூன்று வயதில் பையனை வேறோர் ஊரிலிருந்த எழுதுபொருள் கடை ஒன்றில் வேலை பழக அனுப்பினார்கள். பேரேடு எழுதக் கற்றுக்கொண்டது அங்கேதான். 1883-ல் தாயார் இறந்தார். மறு வருஷம், பதினேழாவது பிறந்தநாளுக்குத் தகப்பனார் தந்த பரிசு அமெரிக்காவுக்குக் கப்பல் டிக்கெட். 1884 பிப்ரவரியில் நியூயார்க்கில் இறங்கினார்.

இந்த இறங்குதலில் விசேஷம் எதுவும் இல்லை என்பதுதான் விசேஷம். அப்போது ஒரு ஜெர்மானியப் பையனுக்கு விசா வேண்டியதில்லை, யாருடைய ஜாமீனும் வேண்டியதில்லை. ஆனால் கதவு எல்லாருக்கும் திறந்து கிடந்ததாக நினைத்துவிடக் கூடாது. இரண்டு வருஷம் முன்பு, 1882-ல், சீனத் தொழிலாளர்கள் வரக்கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டிருந்தது. அதே வருஷத்துக் குடியேற்றச் சட்டம் தலைக்கு ஐம்பது சென்ட் வரி விதித்தது. தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாமல் பொதுப்பணத்துக்குப் பாரமாகிவிடக்கூடியவர்களைத் திருப்பி அனுப்பலாம் என்றும் ஒரு வரி எழுதி வைத்தது. பதினேழு வயதுப் பையன் அந்த வரியைக் கவனித்திருக்க மாட்டான். ஐம்பது வருஷம் கழித்து அது திரும்பி வரும்.

அடுத்த இருபத்திரண்டு வருஷங்கள் யாரும் சரித்திரம் எழுதாத வருஷங்கள். மருந்துக் கடையில் எடுபிடி, வயலில் அறுவடைக் கூலி, சிகாகோவில் கணக்கெழுத்து. 1894-ல் விஸ்கான்ஸினில் ஆஷ்காஷ் என்ற ஊருக்குப் போய் கான்டினென்டல் என்ற ஜவுளிக் கடையில் சேர்ந்தார். மானேஜரானார். 1898-ல் முதலாளி குடும்பத்துப் பெண்ணை மணந்துகொண்டார். ஜன்னல் அலங்காரம், தள்ளுபடி விற்பனை, பத்திரிகை விளம்பரம் எல்லாம் அங்கே கற்றவை. பின்னாளில் சினிமாவில் அவர் செய்தவற்றில் முக்கால்வாசி இந்தக் கடையில் செய்து பார்த்தவைதான்.

1906-ல் முதலாளியோடு மனஸ்தாபம் ஏற்பட்டு வேலையை விட்டபோது அவருக்கு வயது முப்பத்தொன்பது. சிகாகோவுக்குப் போனார். ஐந்து சென்ட், பத்து சென்ட் சாமான் கடை வைக்கும் உத்தேசம். ஐந்து சென்ட் கொடுத்துப் படம் பார்க்கும் ஒரு சிறு கொட்டகையின் வாசலில் நின்று எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று எண்ணிப் பார்த்ததாகவும், எண்ணி முடித்ததும் கடை யோசனையைக் கைவிட்டதாகவும் சொல்வார்கள். அவர் சம்மதத்தோடு ஜான் டிரிங்க்வாட்டர் எழுதி 1931-ல் வந்த வாழ்க்கை வரலாறு இப்படிப்பட்ட சம்பவங்களை விரும்பிச் சொல்லும் புத்தகம். ஆனாலும் எண்ணிப் பார்த்தார் என்பதை நம்பலாம். திரையில் என்ன ஓடியது என்பதைவிட வாசலில் எத்தனை பேர் என்பது அவர் கண்ணில் முதலில் பட்டது. 1906 பிப்ரவரி கடைசியில் மில்வாக்கி அவென்யூவில் தன் முதல் கொட்டகையைத் திறந்து, முகப்புக்கு வெள்ளையடித்து, 'ஒயிட் ஃப்ரண்ட்' என்று பெயரும் வைத்தார். இந்தக் கொட்டகைகள் அழுக்கும் இருட்டுமான இடங்கள் என்று பெயர் வாங்கியிருந்த காலம். குடும்பப் பெண்கள் தயங்காமல் நுழைய வேண்டும் என்றால் வாசல் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று ஒரு ஜவுளிக் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது.

கொட்டகை வைத்ததும் அடுத்த சங்கடம் தெரிந்தது. பத்து, பன்னிரண்டு நிமிஷம் ஓடும் சுருள்கள். அடிக்கடி மாற்ற வேண்டும். வாடகைக்குக் கொடுக்கிறவர்கள் தேய்ந்த பிரதிகளைத் தாமதமாக அனுப்பினார்கள். ஆகவே அதே வருஷம் அக்டோபரில் தானே லெம்லி ஃபிலிம் சர்வீஸ் என்று ஒரு விநியோக நிலையம் தொடங்கினார். மூன்று வருஷத்துக்குள் அது பல நகரங்களில் கிளைகளோடு நாட்டின் பெரிய விநியோக நிறுவனங்களில் ஒன்றாகிவிட்டது. சரக்கு நன்றாக இருக்க வேண்டும், சொன்ன நேரத்துக்கு வர வேண்டும், எங்கே வாங்குவது என்பதை வாங்குகிறவன் தீர்மானிக்க வேண்டும். இதற்கு மேல் அவருக்கு ஒரு கொள்கை இருந்ததாகத் தெரியவில்லை. போராட்டம் இந்த மூன்றாவது அம்சத்தில்தான் வெடித்தது.

1908 டிசம்பரில் எடிஸனும் பயோகிராஃப் கம்பெனியும் தங்கள் பழைய சண்டையை முடித்துக்கொண்டு மோஷன் பிக்சர் பேடண்ட்ஸ் கம்பெனியை அமைத்தார்கள். 'டிரஸ்ட்' என்று எல்லாரும் அழைத்தது இதைத்தான். காமிரா, புரொஜெக்டர், ஃபிலிம் சம்பந்தமான பேடண்ட் உரிமைகள் ஒரே பெட்டிக்குள் வந்தன. வைட்டாகிராஃப், ஸெலிக், லூபின், எஸ்ஸனே, காலெம், பிரெஞ்சுக் கம்பெனியான பாத்தே ஆகியவை இதில் லைசென்ஸ் பெற்ற தயாரிப்பாளர்கள். கச்சா ஃபிலிம் தயாரித்த ஈஸ்ட்மன் கோடக், லைசென்ஸ் உள்ளவர்களுக்கு மட்டும் ஃபிலிம் கொடுப்பதென்று ஒப்பந்தம் செய்துகொண்டது. படங்களை இனிமேல் யாரும் சொந்தமாக வாங்க முடியாது, குத்தகைதான். விநியோகஸ்தர் லைசென்ஸ் இல்லாத கொட்டகைக்குப் படம் கொடுக்கக் கூடாது. கொட்டகைக்காரர் லைசென்ஸ் இல்லாத படத்தை ஓட்டக் கூடாது. இதற்கெல்லாம் சேர்த்து ஒவ்வொரு கொட்டகையும் வாரம் இரண்டு டாலர் கட்ட வேண்டும். புரொஜெக்டரை முன்பே முழு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் கட்ட வேண்டும்.

இரண்டு டாலர் பெரிய தொகை இல்லை. ஐந்து சென்ட் டிக்கெட்டில் நாற்பது பேர். ஆனால் அது ஒரு தத்துவத்தின் விலை. விலை கொடுத்து வாங்கிய யந்திரத்தை ஓட்டவும் வாராவாரம் அனுமதி பெற வேண்டும் என்ற தத்துவம். லெம்லி முதலில் லைசென்ஸ் வாங்கத்தான் செய்தார். சில மாதங்கள் உள்ளேயே இருந்தார். 1909 ஏப்ரலில் வெளியேறினார். வெளியேறியதை ஒரு சரக்கு அறிமுகம்போல் தொழில் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தார். இதில் அவருக்குக் கை கொடுத்தவர் ராபர்ட் காக்ரேன் என்ற விளம்பரக்காரர். டிரஸ்டின் விநியோகப் பிரிவாக 1910-ல் ஜெனரல் ஃபிலிம் கம்பெனி உருவானதும், 'ஜெனரல் ஃப்ளிம்கோ' என்று மீசை வைத்த ஒரு கோமாளித் தளபதியைக் கேலிச்சித்திரமாக்கி வாரந்தோறும் வெளியிட்டார்கள். தத்துவங்களோடு சண்டை போட முடியாத கொட்டகைக்காரனும் அந்தத் தளபதியைப் பார்த்துச் சிரிக்க முடிந்தது.

டிரஸ்டை விட்டதும் டிரஸ்ட் படங்கள் நின்றுபோயின. வேறு வழியில்லாமல் தயாரிப்பில் இறங்கினார். இந்த 'வேறு வழியில்லாமல்' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். படம் எடுக்கும் தாகம் அவரைப் பிடித்து ஆட்டியதாக எந்த ஆதாரமும் இல்லை. அலமாரி காலியாக இருந்தது; சரக்கு வேண்டும். இன்டிபென்டென்ட் மூவிங் பிக்சர்ஸ் என்ற பெயரைச் சுருக்கினால் ஆங்கிலத்தில் 'இம்ப்' என்று வரும். குட்டிச்சாத்தான் என்று அர்த்தம். அந்தப் பெயரில் 1909 அக்டோபர் 25-ல் வெளியான முதல் படம் 'ஹயவாதா', 988 அடி. லாங்ஃபெல்லோவின் பள்ளிக்கூடப் புகழ்பெற்ற கவிதையைத் தழுவியது. எல்லாருக்கும் தெரிந்த, யாரும் ஆட்சேபிக்காத, மரியாதையான சரக்கு. சுயேச்சைத் தயாரிப்பின் முதல் படத்தில் திரையின்மேல் சுயேச்சை என்று சொல்ல ஒன்றும் இல்லை. கோடக்கின் கதவு அடைத்திருந்ததால் லூமியேர் கம்பெனியின் கச்சா ஃபிலிமைச் சுயேச்சைக்காரர்கள் பிரான்ஸிலிருந்து தருவித்துக்கொண்டார்கள். சுயேச்சை அந்த வெள்ளை ஃபிலிமில் இருந்தது, அதன்மேல் பதிந்த பிம்பத்தில் இல்லை.

ஆனாலும் வியாபாரப் போட்டி தன் உத்தேசத்தைத் தாண்டிச் சிலவற்றை உண்டாக்கிவிடும். பயோகிராஃப் தன் நடிகர்களின் பெயரை வெளியிடுவதில்லை. பெயர் தெரிந்தால் சம்பளம் ஏறும். 'பயோகிராஃப் பெண்' என்று மட்டும் ஜனங்கள் அறிந்திருந்த ஃப்ளாரன்ஸ் லாரன்ஸை லெம்லி தன் பக்கம் இழுத்துக்கொண்டார். 1910-ன் தொடக்கத்தில் அவர் தெருவண்டி விபத்தில் இறந்துவிட்டதாக ஒரு வதந்தி. மார்ச்சில் அது பொய் என்று மறுத்து இம்ப் கம்பெனியே பெரிய விளம்பரம் செய்தது. அதன்பின் ஸெயின்ட் லூயி நகரத்தில் நடிகையைக் கூட்டத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. வதந்தியைக் கிளப்பியதும் மறுத்ததும் ஒரே கை என்பதுதான் பெரும்பாலான சரித்திரக்காரர்களின் கருத்து. நட்சத்திரம் என்ற அமைப்பு இந்த ஒரு நாளில் பிறந்துவிட்டது என்று எழுதுவது மிகை. வேறு கம்பெனிகளும் அதே சமயம் நடிகர் பெயர்களை வெளியிட ஆரம்பித்திருந்தன. ஆனால் ஒரு பெண்ணைச் சாகடித்து உயிர்ப்பித்து விற்கலாம் என்று கண்டுகொண்டதில் ஜவுளிக் கடையின் அனுபவம் தெரிகிறது. நடிகைக்குப் பெயர் கிடைத்தது. அந்தப் பெயர் சரக்கின் பெயராகக் கிடைத்தது.

டிரஸ்ட் வழக்கு மேல் வழக்காகப் போட்டது. லெம்லிக்கு எதிராக மட்டும் 289 நடவடிக்கைகள் என்று ஒரு கணக்கு சொல்லப்படுகிறது. வழக்குகளின் நடுவில் ஒரு சிறு விஷயம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. புரொஜெக்டரில் ஃபிலிம் விட்டுவிட்டு இழுபடும்போது அறுந்து போகாமலிருக்கப் பல்சக்கரங்களின் அருகே கொஞ்சம் தொய்வாக ஒரு வளையம் விடுவார்கள். 'லேதம் வளையம்' என்று பெயர். அந்தத் தொய்வு டிரஸ்டின் பேடண்ட் சொத்தாக இருந்தது. ஒரு விரல் நீளத் தொய்வின்மேல் ஒரு தொழில் முழுவதையும் கட்டிவைக்கப் பார்த்தார்கள். 1912-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அந்த வழக்கு லெம்லியின் கம்பெனிக்குச் சாதகமாக முடிந்தது. அதே வருஷம் அரசாங்கமே டிரஸ்டின்மேல் ஏகபோகத் தடைச் சட்டப்படி வழக்கு தொடுத்தது. 1915 அக்டோபரில் தீர்ப்பு டிரஸ்டுக்கு எதிராக வந்தது.

கடைசி அடி 1917-ல், உச்ச நீதிமன்றத்தில். புரொஜெக்டரில் ஒரு தகட்டைப் பதித்து, லைசென்ஸ் பெற்ற ஃபிலிமை மட்டுமே இதில் ஓட்டலாம் என்று நிபந்தனை எழுதி விற்றிருந்தார்கள். நியூயார்க்கில் ஒரு கொட்டகை அதில் யுனிவர்ஸலின் படத்தை ஓட்டியது. யந்திரத்தை விற்றபின் அதில் எந்த ஃபிலிமை ஓட்டுவது என்று சொல்லும் அதிகாரம் பேடண்ட்காரனுக்கு இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி கிளார்க் எழுதியது. பேடண்ட் சட்டத்தின் முதல் நோக்கம் அறிவும் கலைகளும் வளர்வது, உரிமையாளரின் செல்வம் வளர்வது இல்லை என்பது அதன் சாரம். மாறுபட்டு எழுதியவர் ஹோம்ஸ். பேடண்ட் உரிமையின் எல்லையைப் பேசுகிறவர்கள் இன்றும் தொடும் தீர்ப்பு இது. சிறிய கொட்டகை ஒன்றின் புரொஜெக்டரில் ஒட்டிய தகட்டிலிருந்து வந்தது. லெம்லியின் சுயேச்சைக்கு நாம் நிஜமாகவே கடன்பட்டிருக்கிற இடம் ஏதாவது உண்டென்றால் அது இதுதான் என்பேன். அவர் எடுத்த ஒரு படத்தையும் இதற்கு ஈடாக வைக்கத் தோன்றவில்லை.

டிரஸ்டின் அடியாட்களுக்குப் பயந்து சுயேச்சைக்காரர்கள் கலிஃபோர்னியாவுக்கு ஓடினார்கள், அப்படித்தான் ஹாலிவுட் உண்டாயிற்று என்ற கதையை இங்கே விட்டுவிடலாம். கேட்க நன்றாக இருக்கும் கதை. ஆனால் டிரஸ்ட் கம்பெனிகளான ஸெலிக்கும் பயோகிராஃபும் அதே சமயம் லாஸ் ஏஞ்சலிஸில் படம் எடுத்துக்கொண்டிருந்தன. வெயிலும் மலிவான நிலமும் இரு கட்சிக்கும் பொது.

இதற்குள் சுயேச்சைக்காரர்கள் ஒன்று சேர்ந்திருந்தார்கள். 1912-ல் இம்ப், பவர்ஸ், நெஸ்டர், ரெக்ஸ், பைஸன் முதலிய கம்பெனிகள் சேர்ந்து யுனிவர்ஸல் ஆயிற்று. சேர்ந்ததிலிருந்து உள்ளுக்குள் சண்டை. கணக்குப் புத்தகங்களைப் பங்காளி ஒருவர் ஜன்னல் வழியே தெருவில் எறிந்தார் என்று ஒரு கதை உண்டு. மெல்ல மெல்ல மற்றவர்கள் விலக, கடைசியில் லெம்லி மிஞ்சினார். 1915 மார்ச் 15-ல் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே ஸான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில், 230 ஏக்கர் கோழிப்பண்ணை நிலத்தில், யுனிவர்ஸல் ஸிட்டி திறக்கப்பட்டது. இருபத்தைந்து சென்ட் கொடுத்தால் படம் பிடிப்பதை வேடிக்கை பார்க்கலாம். திரைக்குப் பின்னால் நடப்பதற்கும் டிக்கெட் விற்றவர் அவர்.

அனுமதி கேட்க மறுத்தவர் இப்போது அனுமதி கொடுக்கிறவர். அந்த இடத்தில் அவர் எப்படி நடந்துகொண்டார்? இரண்டு பதில் இருக்கிறது. அந்தப் பத்தாண்டில் யுனிவர்ஸலில் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் டைரக்டர்களாக வேலை செய்தார்கள். அவர்களில் லோயிஸ் வெபர் கருத்தடை, மரண தண்டனை போன்ற விஷயங்களைப் படமாக்கினார். பெண்கள் இயக்கினால் என்ன என்ற தாராளமா, குறைந்த செலவில் நிறையப் படம் வேண்டும் என்ற அவசரமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 1920-களில் அந்தக் கதவு மூடிக்கொண்டது. எரிக் வான் ஸ்ட்ரோஹைம் விஷயம் இன்னும் தெளிவானது. 1919-ல் அவருக்கு முதல் படம் கொடுத்தவர் லெம்லி. 'ஃபூலிஷ் வைவ்ஸ்' (1922) செலவு எல்லை மீறிப் போனபோது, பத்து லட்சம் டாலர் படம் என்று அந்தச் செலவையே விளம்பரமாக்கினார். அடுத்த படத்தின் நடுவிலேயே, லெம்லியின் காரியதரிசியாக இருந்து ஸ்டூடியோ நிர்வாகியாக உயர்ந்த இளைஞர் இர்விங் தால்பெர்க், ஸ்ட்ரோஹைமை நீக்கினார். தயாரிப்பாளரின் சுயேச்சையும் படைப்பாளியின் சுயேச்சையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடைக்காது. வாங்குகிறவன் தன் கடையைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்காகப் போராடியவர் லெம்லி. நெய்கிறவனைப் பற்றி அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஜெர்மனியை அவர் விடவே இல்லை. முதல் உலகப் போரின்போது யுனிவர்ஸல் 'தி கைஸர், த பீஸ்ட் ஆஃப் பெர்லின்' (1918) என்ற பிரசாரப் படத்தை வெளியிட்டது. ஜெர்மனியில் அதை மறக்கவில்லை. போர் முடிந்ததும் லௌப்ஹைமுக்கு உணவும் உடையும் பணமும் அனுப்பினார். ஊர் அவரைக் கௌரவக் குடிமகனாக்கியது, ஒரு தெருவுக்கு அவர் பெயரை வைத்தது. 1930-ல் ரெமார்க்கின் நாவலை வைத்து, லூயி மைல்ஸ்டோன் இயக்கத்தில், 'ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' வந்தது. அந்த வருஷத்துச் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் அதற்குத்தான். ஒரு ஜெர்மன் சிப்பாயின் சாவை எதிரி நாட்டுக்காரர்கள் அழுது பார்த்தார்கள். டிசம்பரில் பெர்லினில் திரையிட்டபோது கெப்பெல்ஸ் தலைமையில் நாஜிகள் கொட்டகைக்குள் புகுந்து, நாற்ற குண்டுகள் வீசி, வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டுக் கலகம் செய்தார்கள். சில நாட்களில் தணிக்கைக் குழு படத்தைத் தடை செய்தது.

இங்கே இரண்டாவது காகிதம் வருகிறது. 1931-ல் வெட்டிய பிரதி ஒன்றை ஜெர்மனியில் காட்ட யுனிவர்ஸல் அனுமதி பெற்றது. பிற நாடுகளில் ஓடும் பிரதிகளிலும் அதே வெட்டுகள் செய்யப்பட வேண்டும் என்பது நிபந்தனை. லெம்லி ஒப்புக்கொண்டார். என் யந்திரத்தில் எந்தப் படத்தை ஓட்டுவது என்று நீ சொல்லாதே என்று உச்ச நீதிமன்றம்வரை போன கம்பெனி, தன் படத்தை உலகம் எப்படிப் பார்க்கலாம் என்று ஓர் அரசாங்கம் சொல்ல இடம் கொடுத்தது. பிறந்த நாட்டின்மேல் பாசம் என்று சிலர் சொல்வார்கள், ஜெர்மன் சந்தை என்று சிலர். வியாபாரிக்கு இரண்டும் ஒரே பேரேட்டில்தான் பதிவாகின்றன. ஆனால் அவரைக் கோழை என்று எழுதி முடித்துவிடவும் முடியவில்லை. 1932 ஜனவரியில், ஹிட்லர் பதவிக்கு வருவதற்கு ஒரு வருஷம் முன்னதாக, பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டுக்குக் கடிதம் எழுதினார். இந்த மனிதர் ஆட்சிக்கு வந்தால் யூதர்கள் கதி என்னாகும் என்று அதில் எச்சரித்திருந்தார். பலரும் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில் அவருக்குத் தெரிந்திருந்தது. நாஜிகள் வந்ததும் லௌப்ஹைமில் தெருவின் பெயர் மாற்றப்பட்டது.

அவர் தகப்பனார் அவருக்குத் தந்தது ஒரு கப்பல் டிக்கெட். அவர் தன் மகனுக்கு, இருபத்தோரு வயது நிறைந்தபோது, 1929-ல், ஸ்டூடியோவைத் தந்தார். 'டிராகுலா', 'ஃப்ராங்கன்ஸ்டைன்' (இரண்டும் 1931) மகன் காலத்தவை. பொருளாதார மந்தம், தியேட்டர் சங்கிலிகள் சொந்தமாக வைத்திருந்த பாரமௌன்ட், எம்.ஜி.எம். போன்றவற்றின் போட்டி எல்லாம் சேர்ந்து கம்பெனியை அரித்தன. 1935-ல் 'ஷோ போட்' முதலிய படங்களுக்காக ஏழரை லட்சம் டாலர் கடன் வாங்கினார். கம்பெனியை விலைக்குக் கேட்கும் உரிமை கடன் பத்திரத்தில் இருந்தது. 1936 மார்ச்சில் கடன் கொடுத்தவர்கள் அந்த உரிமையைப் பயன்படுத்திக்கொண்டார்கள். படம் வெளியாகி நன்றாக ஓடியபோது கம்பெனி அவருடையதாக இல்லை. 1948-ல் ஸ்டூடியோக்களின் ஏகபோகத்துக்கு எதிராக உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில் பிரதிவாதிகள் வரிசையில் யுனிவர்ஸலும் இருந்தது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

சம்பளப் பட்டியலில் எழுபது உறவினர்கள் இருந்தார்கள் என்று ஹாலிவுட் அவரைக் கேலி செய்தது. 'அங்கிள் கார்ல்' என்ற செல்லப் பெயரில் பாதி கிண்டல். அல்ஸாஸிலிருந்து 1920-ல் அப்படி வந்து சேர்ந்த ஒரு உறவுப் பையன்தான் வில்லியம் வைலர். மற்றவர்கள் பலருக்கு வேலை தெரியாது என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஊரிலிருந்து ஆளைக் கூட்டிவந்து ஏதோ ஒரு வேலையில் உட்கார வைக்கிற அந்தப் பழக்கத்துக்கு முப்பதுகளில் வேறோர் அர்த்தம் வந்துவிட்டது.

1924-ன் சட்டம் நாட்டுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை வைத்திருந்தது. ஜெர்மனிக்கு வருஷம் ஏறக்குறைய இருபத்தாறாயிரம். முப்பதுகளின் பெரும்பகுதியில் அந்த எண்ணிக்கைகூட நிரப்பப்படவில்லை. காரணம், 1882-ல் எழுதி வைத்த அந்த வரி. பொதுப்பணத்துக்குப் பாரமாகிவிடக்கூடியவர் என்று கான்ஸல் அதிகாரி நினைத்தால் போதும், விசா இல்லை. 1930 முதல் அதைக் கடுமையாகப் பிரயோகிக்கச் சொல்லியிருந்தார்கள். நாஜிகளோ வெளியேறுகிறவர்களின் சொத்தைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினார்கள். ஆகவே அமெரிக்காவில் உள்ள ஒருவர், இவரைக் காப்பாற்றும் பொறுப்பு என்னுடையது என்று தன் வருமான விவரங்களோடு பிரமாணப் பத்திரம் தர வேண்டும். ஸ்டூடியோ போனபின் லெம்லியின் வேலை இதுவாயிற்று. லௌப்ஹைமிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் உறவினர், உறவினரின் உறவினர், பெயர்கூடக் கேள்விப்படாதவர்கள் எழுதினார்கள். கையெழுத்துப் போட்டார். பிறரையும் போடச் சொல்லிக் கெஞ்சினார். முந்நூறு பேருக்கு மேல் இப்படித் தப்பினார்கள் என்பது கணக்கு.

பிறகு ஸ்டுட்கார்ட்டிலிருந்த அமெரிக்கக் கான்ஸல் அலுவலகம் தயங்க ஆரம்பித்தது. எழுபத்தொரு வயதுக் கிழவர். ஏற்கனவே இத்தனை பேருக்குப் பொறுப்பேற்றிருக்கிறார். 1938-ல் லெம்லி வெளியுறவு மந்திரி கார்டெல் ஹல்லுக்கே எழுதினார். 1939-ல் அகதிகளோடு க்யூபாவில் இறங்க முடியாமல் நின்ற 'செயின்ட் லூயி' கப்பலுக்காக ரூஸ்வெல்ட்டிடம் மன்றாடினார். பயன் இல்லை. முப்பது வருஷம் முன்பு, நாடு முழுவதும் கொட்டகைகளை மிரட்டிய ஒரு டிரஸ்டை விளம்பரத்தாலும் வக்கீல்களாலும் வென்றவர். ஒரு கான்ஸல் அதிகாரியின் மேஜையை அவரால் வெல்ல முடியவில்லை. அந்த மேஜைக்கு எதிராக வழக்குப் போட இடமில்லை. கேலிச்சித்திரம் போட்டுச் சிரிக்க வைக்கவும் இடமில்லை. வேறு கடைக்குப் போகிறேன் என்று சொல்ல வேறு கடையும் இல்லை. 1939 செப்டம்பர் 24-ல், போர் தொடங்கிய நான்காவது வாரத்தில் இறந்தார். லௌப்ஹைமில் மிஞ்சியிருந்த யூதர்களை 1941, 1942-ல் ரயிலேற்றிக் கொண்டுபோனார்கள்.

இப்போது லௌப்ஹைமில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவர் பெயர். 2017 முதல் படத் தயாரிப்பாளர்களுக்கு அவர் பெயரில் ஒரு பரிசும் கொடுக்கிறார்கள். வாழ்நாள் சாதனைக்கு. தொழிலில் வென்றவரை நினைவு வைத்துக்கொள்வது சுலபம்.

லெம்லியைக் கலையின் காவலராக்க நான் இதை எழுதவில்லை. அப்படி ஆக்கவும் முடியாது. அவருடைய சுயேச்சை ஒரு கடைக்காரரின் சுயேச்சை. சந்தை இருக்கிற இடத்தில் அது சிங்கம்போல் நின்றது. சந்தையே தணிக்கைக்காரன் கையில் இருந்தபோது பேரம் பேசிப் பணிந்தது. சந்தை என்று எதுவும் இல்லாத இடத்தில், ஒரு மனிதன் உயிரோடு இருக்கலாமா என்று ஒரு காகிதம் தீர்மானிக்கிற இடத்தில், அதற்கு ஓர் ஆயுதமும் இல்லை. ஆனால் அங்கேதான் அவர் லாப நஷ்டம் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தே பழகியவர், அந்தக் கையெழுத்துகளை எண்ணியதாகத் தெரியவில்லை. எண்ணியவர்கள் ஸ்டுட்கார்ட்டில் இருந்தார்கள்.